ரேகை தெரியாத விரல்கள்: ஒரு குடிநுழைவுத் தடங்கல் பற்றிய நிகழ்வு ஆய்வு

2008 டிசம்பரில், சிங்கப்பூரில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த, அறுபதைக் கடந்த ஒருவர் உறவினரைப் பார்க்க அமெரிக்கா போனார். விமான நிலையக் குடிநுழைவில் அவருடைய விரல்களிலிருந்து ரேகை எடுக்க முடியவில்லை. நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பாதுகாப்புக்கு ஆபத்தானவர் அல்ல என்று உறுதியான பிறகே உள்ளே விட்டார்கள். தன் ரேகைகள் அழிந்துபோயிருந்தது அதுவரை அவருக்கே தெரியாது. அவருக்குச் சிகிச்சை அளித்த சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலைய மருத்துவர்கள் 2009இல் ‘ஆனல்ஸ் ஆஃப் ஆன்காலஜி’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பதிவு செய்தார்கள்.

பயணிக்கு ஏற்பட்ட இழப்பு நான்கு மணி நேரம்தான். ஆனால் மருத்துவமனை, பயணி, எல்லை அதிகாரி என மூன்று தரப்பும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருந்தும் இது நடந்தது. ஆகவே, இடைவெளி எங்கே இருந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது பயன் தரும்.

பின்னணி: இரண்டு விரலிலிருந்து பத்து விரலுக்கு

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா கொண்டுவந்த திட்டம் யூஎஸ்-விசிட். 2004 ஜனவரி 5 அன்று 115 விமான நிலையங்களிலும் 14 துறைமுகங்களிலும் தொடங்கியது. விசாவுடன் வரும் வெளிநாட்டவரிடம் இரண்டு ஆட்காட்டி விரல்களின் ரேகையையும் ஒரு முகப்படத்தையும் எடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 30 முதல், விசா விலக்குப் பெற்ற நாடுகளின் மக்களும் இதற்குள் வந்தார்கள். 14 வயதுக்குக் கீழும் 79 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு விலக்கு இருந்தது.

2007 நவம்பரில் வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் தொடங்கி, பத்து விரல்களையும் பதியும் முறை படிப்படியாக வந்தது. காரணம் இரண்டு. குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடயம் எந்த விரலுடையதாகவும் இருக்கலாம். தவிர, பதிவுகள் கோடிக்கணக்கில் பெருகும்போது, இரண்டு விரலை மட்டும் வைத்துத் தேடினால் தவறான பொருத்தங்களும் கூடும். இந்தப் பயணி போய் இறங்கியது அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில். ஜப்பானும் 2007 நவம்பர் 20 முதல், 16 வயது நிறைந்த வெளிநாட்டவரிடம் நுழைவின்போது ரேகை எடுக்கத் தொடங்கியிருந்தது.

எல்லையில் ரேகை இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. ஒன்று: விசா வாங்கும்போது விரல் வைத்தவர்தானா இவர்? இது ஒன்றுக்கு ஒன்று ஒப்பீடு. மற்றொன்று: வேறு பெயரில் வந்தவரா, தேடப்படுபவரா, முன்பு திருப்பி அனுப்பப்பட்டவரா? இது ஒன்றைக் கோடிக்கணக்கானவற்றோடு ஒப்பிடுவது. இரண்டு கேள்விக்கும் படிக்கத்தக்க படம் ஒன்று முதலில் வேண்டும். படமே கிடைக்காதபோது வரும் பதில் ‘பொருந்தவில்லை’ என்பதல்ல, ‘பதிய முடியவில்லை’ என்பது. இந்த நிகழ்வு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

நோயாளியும் மருந்தும்

அவருக்கு வந்தது மூக்குத்தொண்டைப் புற்றுநோய், உடலின் வேறு இடங்களுக்கும் பரவிய நிலையில். கீமோதெரபிக்கு நன்றாகக் கட்டுப்பட்டது. நோய் திரும்பாமலிருக்க, தொடர்ந்து வாயால் உட்கொள்ளும் கேப்சிட்டாபின் மாத்திரை கொடுத்தார்கள். பயணத்தின்போது அதை மூன்று ஆண்டுகளுக்கு மேலாக எடுத்துவந்தார்.

கேப்சிட்டாபின் ‘செலோடா’ என்ற வணிகப் பெயரில் பரவலாக அறியப்பட்டது. 150 மில்லிகிராம், 500 மில்லிகிராம் மாத்திரைகளாக வருகிறது. உடலுக்குள் போன பிறகு ஃப்ளோரோயுராசில் என்ற பழைய கீமோ மருந்தாக மாறி வேலை செய்கிறது. வழக்கமான முழு அளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1250 மில்லிகிராம் வீதம் காலை, மாலை இருவேளை. 14 நாள் எடுத்து 7 நாள் நிறுத்துவார்கள். மார்பகம், பெருங்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு இது அதிகம் பயன்படுகிறது. வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இந்த மருந்தில் இருப்பவர்கள் வேலைக்குப் போவார்கள், பயணம் போவார்கள். நரம்பு வழி மருந்துக்காக மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவருக்கு வராத சிக்கல் இவர்களுக்கு வருவது அதனால்தான்.

இதன் பரவலான பக்கவிளைவு கை-கால் நோய்க்குறி. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவக்கும், மரத்துப்போகும், எரியும், தோல் உரியும், சிலருக்குக் கொப்புளமும் வெடிப்பும் வரும். மருத்துவர்கள் இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். வலியில்லாத சிவப்பும் தடிப்பும் முதல் படி. வலியும் அன்றாட வேலையில் தடங்கலும் இரண்டாம் படி. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத அளவு மூன்றாம் படி.

இந்த நோயாளிக்கு வந்தது லேசானது. அன்றாட வாழ்க்கைக்கு இடைஞ்சல் இல்லை என்பதால் குறைந்த அளவில் மருந்தைத் தொடர்ந்தார்கள். அது சரியான முடிவு. பரவிய புற்றுநோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் மருந்தை, பொறுக்கத்தக்க பக்கவிளைவுக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று படிகளும் வலியையும் வேலைத் திறனையும் மட்டுமே அளக்கின்றன. தோலின் மேடுபள்ளம் இருக்கிறதா என்ற கேள்வி அந்த அளவுகோலில் இல்லை. மருத்துவமனையில் ‘லேசானது’ என்று எழுதப்பட்டது குடிநுழைவுக் கவுண்டரில் முழு இழப்பாக மாறிய இடம் இதுதான்.

கவுண்டரில் காணப்பட்டது

விரலை வைக்கும் கண்ணாடி உண்மையில் ஒரு முப்பட்டகத்தின் மேற்பரப்பு. உள்ளிருந்து சாய்வாக வரும் ஒளி, மேலே காற்று இருக்கும் இடத்தில் முழுவதும் திரும்பிக் கேமராவுக்கு வருகிறது. தோலின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில், அங்குள்ள ஈரமும் சேர்ந்து, ஒளி திரும்பாமல் சிதறிவிடுகிறது. அதனால் மேடுகள் கறுப்புக் கோடுகளாகவும் பள்ளங்கள் வெள்ளையாகவும் விழுகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 500 புள்ளிகள் எடுக்கும் கருவியில் அது பத்துப் புள்ளி அளவு. அந்தக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன என்பதை மென்பொருள் குறித்துக்கொள்கிறது. ஒப்பீடு அந்தக் குறிகளை வைத்துத்தான், படத்தை வைத்து அல்ல.

மேடுகள் தட்டையாகிவிட்ட விரலை வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். தோல் வழவழப்பாக இருந்தால் முழுப் பரப்பும் ஒட்டி, கோடில்லாத கறுப்புத் திட்டாக விழும். வறண்டு உரிந்த தோலாக இருந்தால் அங்கங்கே மட்டும் தொட்டு, வெளிறிய துணுக்குகளாக விழும். உரிந்த தோலின் ஓரங்கள் பொய்க் கோடுமுனைகளை உண்டாக்குவதும் உண்டு. அது இன்னும் மோசமானது, ஏனெனில் கருவி அதை ரேகை என்றே எடுத்துக்கொண்டுவிடலாம். இதைத் தடுக்கத்தான் தர மதிப்பெண் இருக்கிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் 2004இல் வெளியிட்ட அளவில் 1 மிகச் சிறந்தது, 5 மிக மோசமானது. தரம் போதாத படத்தை ஏற்காமல் மறுபடி வைக்கச் சொல்வதே வழக்கம்.

மறுபடி வைப்பதில் அதிகாரிகள் கையாளும் வழிகள் சில உண்டு: கண்ணாடியைத் துடைப்பது, விரலை லேசாக ஈரப்படுத்துவது, இன்னும் அழுத்தச் சொல்வது, வேறு விரலைக் கேட்பது. வறட்சியோ வியர்வையோ காரணமானால் இதில் ஏதாவது ஒன்று பலிக்கும். மேடே இல்லாதபோது எதுவும் பலிக்காது. அழுத்துவது தட்டையான தோலை இன்னும் தட்டையாக்கும். பத்து விரல் முறையிலும் வேறு விரலைக் கேட்டுப் பயனில்லை, ஏனெனில் மருந்தின் விளைவு எல்லா விரலிலும் இருக்கும்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

அதிகாரிகள் அவரை விசாரணைக்காக நிறுத்தி வைத்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ரேகையை வேண்டுமென்றே அழித்துக்கொள்பவர்கள் உண்டு. 1930களின் அமெரிக்க வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சர் அமிலம் வைத்து முயன்றது பழைய உதாரணம். ஐரோப்பாவில் தஞ்சம் கேட்போரின் ரேகைகளைச் சேர்க்கும் யூரோடாக் தொகுப்பு 2003 ஜனவரியில் வந்த பிறகு, முதலில் நுழைந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுவோம் என்று அஞ்சி விரல்நுனியைச் சுட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். நமது நிகழ்வுக்கு ஓராண்டு கழித்து, 2009 டிசம்பரில், ஜப்பானில் ஒரு வழக்கு வெளிவந்தது. முன்பு நாடு கடத்தப்பட்ட ஒரு பெண், ஒரு கையின் விரல்நுனித் தோலை மறு கைக்கு அறுவைச் சிகிச்சையால் மாற்றிக்கொண்டு ரேகைச் சோதனையைத் தாண்டியிருந்தார். வேறொரு புகாரில் பிடிபட்டபோது, விரல்களில் இருந்த இயல்பில்லாத தழும்புகளைக் காவல்துறை கவனித்தது.

ஆனால் வேண்டுமென்றே அழித்த விரலும் மருந்தால் தேய்ந்த விரலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தீயும் அமிலமும் கத்தியும் தழும்பு விடும். ரேகை ஓர் இடத்தில் திடீரென அறுந்து, சுற்றிலும் நல்ல ரேகை எஞ்சியிருக்கும். தையல் கோடு தெரியும். மருந்தால் வருவது பத்து விரலிலும் ஏறத்தாழச் சீராக இருக்கும், தழும்பு இருக்காது, உள்ளங்கைவரை சிவப்போ உரிதலோ பரவியிருக்கும். உள்ளங்காலிலும் அதே அடையாளம் இருக்கும். குற்றத்தை மறைக்க உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு யாரும் வருவதில்லை. செருப்பைக் கழற்றிப் பார்க்க அரை நிமிடம் போதும். இதை அறிந்த ஒருவர் கவுண்டருக்குப் பின்னால் இருந்தால் விசாரணை சரியான திசையில் தொடங்கும்.

2008இல் இந்த மருந்துக்கும் ரேகைக்கும் உள்ள தொடர்பு எல்லை அலுவலகங்களில் அறியப்பட்டதாக இல்லை. பயணியிடமும் விளக்கத் தாள் எதுவும் இல்லை. கடைசியில் அவரை உள்ளே விடும் முடிவு, ரேகைத் திட்டம் வருவதற்கு முன்பும் அதிகாரிகள் செய்துவந்த வழியில்தான் வந்தது: ஆளையும் ஆவணங்களையும் பார்த்து எடை போடுவது. அந்த வழி சரியான விடையைத் தந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கருவி பதில் சொல்ல மறுத்தபோதும் எல்லை திறந்து கிடக்கவில்லை, நிரபராதியும் திருப்பி அனுப்பப்படவில்லை. குறை, அந்த முடிவுக்கு நான்கு மணி நேரம் ஆனதில் இருக்கிறது. புற்றுநோயோடு நீண்ட விமானப் பயணம் செய்து வந்தவருக்கு அது சிறிய நேரமல்ல.

அதன் பிறகு

அடுத்தடுத்த பயணங்களுக்கு, நோயையும் மருந்தையும் குறிப்பிட்டு மருத்துவர் தந்த கடிதத்தை அவர் எடுத்துச் சென்றார். சிரமம் குறைந்தது. மருத்துவர்கள் இதழுக்கு எழுதிய கடிதம், நீண்ட காலம் கேப்சிட்டாபின் எடுப்பவர்கள் அமெரிக்கா போகும்போது இப்படி ஒரு கடிதம் வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வேறு சில நோயாளிகளும் தங்கள் ரேகை மறைந்ததை இணையத்தில் எழுதியிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

பிறகு வந்த ஆய்வுகள் விஷயத்தைத் தெளிவாக்கின. 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கேப்சிட்டாபின் எடுத்த 66 பேரில் 9 பேருக்கு ரேகைத் தரம் கடுமையாகக் கெட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் தேவைப்படவில்லை, சில வாரச் சிகிச்சையே போதுமானதாக இருந்தது. கை-கால் நோய்க்குறியின் கடுமைக்கும் ரேகை இழப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. கை சிவக்காதவருக்கும் ரேகை போகலாம், கொப்புளம் வந்தவருக்கும் நிற்கலாம். ஆகவே ‘உங்களுக்கு லேசாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லி எச்சரிக்கையைத் தவிர்க்க இடமில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. மருந்தை நிறுத்தியவர்களுக்குச் சில வாரங்களில் ரேகை திரும்பியது. ரேகையின் வடிவம் கருவிலேயே, தோலின் மேலடுக்கும் உள்ளடுக்கும் சேரும் இடத்தில் பதிந்துவிடுகிறது. மேலே தேய்ந்தாலும் அச்சு கீழே இருக்கிறது.

ரேகை பிடிக்காமல் போவது இந்த மருந்துக்கு மட்டும் உரியதல்ல. மலேசியாவில் நடந்த ஆய்வில், கைத்தோல் அழற்சி உள்ளவர்களில் 27 சதவீதம் பேரின் ரேகைச் சரிபார்ப்பு தோற்றது. அழற்சி இல்லாதவர்களில் அது 2 சதவீதம். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் வேலை செய்பவர்கள், செங்கல் அடுக்குபவர்கள், முதியவர்கள் எல்லாரும் இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பிறவியிலேயே ரேகை இல்லாத அரிய குடும்பங்களும் உண்டு. சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் அமெரிக்கா நுழையத் தடுமாறியதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 2011இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது.

என்ன மாற வேண்டும்

முதலில் மருத்துவமனை. கேப்சிட்டாபின் தொடங்கும் நாளில் வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் பற்றிச் சொல்வதோடு ரேகை பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். பயணம் உண்டா என்று கேட்க வேண்டும். ரேகை திரும்புவதற்காக மருந்தை நோயாளி தானாக நிறுத்தக் கூடாது என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் விளைவு விமான நிலையக் காத்திருப்பைவிடப் பெரிதாக இருக்கும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், நோயின் பெயர், மருந்தின் பொதுப் பெயரும் வணிகப் பெயரும், தொடங்கிய தேதி, இப்போதும் எடுக்கிறாரா என்பது, ‘இந்த மருந்தால் விரல் ரேகைகள் தெளிவிழந்துள்ளன’ என்ற நேரடி வாக்கியம், மருத்துவமனை முத்திரை, எந்நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி எண். கடைசியில் சொன்னது முக்கியம். நியூயார்க்கில் மதியமாக இருக்கும்போது சென்னையில் இரவாகியிருக்கும், புறநோயாளிப் பிரிவின் எண் பயன்படாது. கடிதம் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்க வேண்டும். அதனுடன் மருந்துச் சீட்டும், உறை பிரிக்காத மாத்திரை அட்டையும்.

பயணி முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம். பத்து விரல்களையும் மைத்திண்டில் தொட்டு வெள்ளைத் தாளில் பதித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், கோடுகள் இருக்கின்றனவா என்பது தெரியும். பழகிய கைபேசி திடீரென விரலை ஏற்க மறுப்பதும் ஓர் அறிகுறி. கைகளுக்குக் களிம்பு பூசுவது தோலுக்கு நல்லது, ஆனால் வரிசையில் நிற்கும்போது பூசினால் கண்ணாடியில் அப்பும். இரவில் பூசி, கவுண்டருக்கு முன் கழுவித் துடைத்துவிட வேண்டும். விரலை வைக்கும் முன்பே கடிதத்தைக் கொடுப்பது நல்லது. மூன்று முறை தோற்ற பிறகு நீட்டும் கடிதம் சாக்குப்போலத் தோன்றும். இணைப்பு விமானம் இருந்தால் நான்கைந்து மணி நேர இடைவெளி விட்டுப் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு முறையும் இதே தடங்கல் வந்தால், 2007 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நடத்தும் பயணிகள் குறைதீர்ப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே தரும் எண்ணை அடுத்த பயணப் பதிவில் சேர்க்க முடியும்.

விசா தேவைப்படும் நாட்டவருக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. சென்னையில் விண்ணப்பிப்பவர் அங்குள்ள விசா மையத்திலேயே விரல் வைத்துவிடுகிறார். சிக்கல் இருந்தால் பயணத்துக்கு முன்பே தெரிந்துவிடும், அது நல்லது. ஆனால் விசா வாங்கிய பிறகு சிகிச்சை தொடங்கினால் நிலைமை மாறும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஒரு முறை கொடுத்த ரேகையை 59 மாதங்கள்வரை மறுபடி பயன்படுத்துகிறார்கள். பதிவில் பத்து விரலும் தெளிவாக இருக்கும், கையில் இருக்காது. இங்கே கருவி ‘பதிய முடியவில்லை’ என்று சொல்லாமல் ‘பொருந்தவில்லை’ என்றே சொல்லக்கூடும். மருந்து தொடங்கிய தேதி கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

எல்லை அமைப்புகள் செய்ய வேண்டியது, ரேகை கிடைக்காதவருக்கு இரண்டாவது வழியை முன்பே வைத்திருப்பது. சிங்கப்பூர் 2016 ஏப்ரலில் வருகையாளர்களின் இரு கட்டைவிரல் ரேகைகளை எடுக்கத் தொடங்கியது. 2020இல் கருவிழியையும் முகத்தையும் முதன்மை அடையாளமாக்கி, ரேகையைப் பின்னுக்குத் தள்ளியது. தோல் தேய்ந்தவருக்குக் கருவிழி தேய்வதில்லை. இது சரியான திசை என்றே நாங்கள் கருதுகிறோம். கூடவே, ‘பதிய முடியவில்லை’ என்ற முடிவுக்கு என்று தனிக் குறியீடும் தனி நடைமுறையும் வேண்டும். அப்படி வருபவரைச் சந்தேக நபர்களின் வரிசையில் சேர்க்கக் கூடாது.

2025 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முகத்தையும், விசா தேவைப்படாமல் வருபவரிடம் நான்கு விரல்களையும் எடுக்கிறது. அதன் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்தில் வைத்திருக்கிறது. விரல் பதிவது உடலளவில் இயலாதவருக்கு விலக்கு உண்டு. இயலாமை தற்காலிகமானால் அதைப் பதிவில் குறித்து, வெளியேறும்போதோ அடுத்த வருகையிலோ ரேகை கேட்பார்கள். தற்காலிகம் என்பதற்கான காரணத்தை விளக்கச் சொல்லவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. கேப்சிட்டாபின் நோயாளி இந்தப் பிரிவில் வருகிறார். மருத்துவரின் கடிதம் ஆங்கிலத்தில் இருப்பதோடு, போய் இறங்கும் நாட்டின் மொழியிலும் ஒரு பிரதி இருந்தால் விளக்கம் கவுண்டரிலேயே முடிந்துவிடும்.